சத்தம் கூரைக்கு ஏறிய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டுக்குச் சீலிங் அடிக்க இருப்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

காங்கேசன்துறை, மாவிட்டபுரம், கீரிமலைப் பக்கம் இப்போது புது வீடுகள் எழும்புகின்றன. 1990 ஜூனில் விட்டுப்போன காணிகள் துண்டுதுண்டாகத் திரும்பக் கிடைத்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அத்திவாரம் போட்ட வீடுகள். அவற்றில் ஓர் அறையை 'ஹோம் தியேட்டர்' என்று ஒதுக்குவது வழக்கமாகி வருகிறது. கனடாவில் இருக்கும் தம்பியோ லண்டனில் இருக்கும் மருமகனோ ஒரு ரிசீவரை அனுப்பிவிடுகிறார். பெட்டியில் 'டொல்பி அட்மொஸ்' என்று அச்சடித்திருக்கும். உடனே கேள்வி வரும்: "சேர், சீலிங்கிலயும் ஸ்பீக்கர் பூட்ட வேணுமாம். ரெண்டா, நாலா? எந்த இடத்தில?" இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரித்திரம் படிப்பிக்கிறவனிடம் கேட்டால் பதிலும் சரித்திரத்திலிருந்துதான் தொடங்கும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சினிமா பேசத் தொடங்கி ஏறக்குறைய எண்பது வருடங்களுக்குப் பிறகுதான் சத்தம் ஒழுங்காகக் கூரைக்குப் போனது. தொடக்கத்தில் எல்லாம் முன்னால், திரைக்குப் பின்னால் இருந்துதான் வந்தது. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 ஒக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அப்போது சனம் கேட்கப் போனது குரலை. டி.பி. ராஜலட்சுமி வாயைத் திறந்தால் தமிழும் பாட்டும் வருகிறது, அதுவே அதிசயம். யாழ்ப்பாணத்தில் வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, ராஜா, மனோகரா என்று தியேட்டர்கள் நிறைந்து வழிந்த காலத்திலும் வசனம் திரையின் நடுவிலிருந்துதான் வந்தது. பின்வரிசையில் இருந்தவருக்கும் விளங்கியது.

வீட்டிலும் அப்படித்தான். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் பேசியபோது றேடியோப் பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு ஸ்பீக்கர். பாதி ஊருக்கு அது போதுமாக இருந்தது.

சத்தத்தைத் திரையிலிருந்து பிரித்து மண்டபம் முழுக்கப் பரப்பிப் பார்த்தவர்களில் முந்தியவர் வால்ட் டிஸ்னி. 1940 நவம்பரில் நியூயோர்க்கில் 'ஃபன்டாசியா' வெளியானபோது திரைக்குப் பின்னால் மூன்று ஸ்பீக்கர் தொகுதிகள், மண்டபத்தைச் சுற்றி இன்னும் பல. ஒரு தியேட்டருக்குச் சுமார் 85,000 டொலர் செலவு என்று சொல்லப்படுகிறது. அந்தக் காசை யார் போடுவார்கள்? யுத்தமும் சேர்ந்து வந்தது, அந்த முறை அதோடு நின்றுவிட்டது.

பிறகு 1953 இல் 'த றோப்' என்ற முதல் சினிமாஸ்கோப் படம். நாலு காந்தத் தடங்கள்: மூன்று முன்னுக்கு, ஒன்று மண்டபச் சுவர்களுக்கு. அந்த நாலாவது தடத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் கூட இருந்தபடியால் சுவர் ஸ்பீக்கர்களை எந்நேரமும் திறந்து வைக்கவில்லை. தேவையான இடத்தில் மட்டும் 12 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஒன்று அவற்றைத் திறந்துவிடும். சுற்றிவர வரும் சத்தம் எப்போதாவது போடும் கறிவேப்பிலை மாதிரித்தான் என்பது அந்தப் பொறியியலாளர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. இன்றைக்கு ஹோம் தியேட்டர் பூட்டுகிறவர்களில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1958 பிரசல்ஸ் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் மண்டபம் ஒன்று இருந்தது. லு கொர்புசியேயும் செனாக்கிஸும் வடிவமைத்த, வளைந்த கொங்கிறீற் கூடாரம். உள்ளே எட்கார் வரேஸின் இசை, தலைக்கு மேலே வளைந்துபோகும் சுவர்களில் பதித்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடியது. கண்காட்சி முடிந்ததும் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். நமக்கு இங்கே அப்போது சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கி எட்டு வருடம். 1950 இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் சீமெந்தில் வார்த்த 'பிளாட்' கூரைகள் சில இன்னமும் நிற்கின்றன. கூரை விசயம் பேசும்போது அதையும் சொல்லாமல் விட முடியாது.

இனித்தான் கதையின் முக்கியமான இடம். 1979 இல் கொப்போலாவின் 'அபொகலிப்ஸ் நவ்'. வியட்நாம் யுத்தப் படம். இன்று நாம் 5.1 என்று சொல்லும் அமைப்பு, பின்னால் இடமும் வலமும் வேறுவேறாக, அந்தப் படத்தின் 70 மி.மீ. பிரதிகளில்தான் உருவெடுத்தது. எதற்காக? படம் தொடங்கும்போது ஹெலிகொப்டர்கள் மண்டபத்தைச் சுற்றி வரவேண்டும் என்பதற்காக. 2002 இல் 'வீ வேர் சோல்ஜர்ஸ்', அதுவும் வியட்நாம் யுத்தம்தான். பின்சுவருக்கான தடத்தைச் சில தியேட்டர்களில் கூரை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டார்கள். அதுவும் ஹெலிகொப்டருக்காக. மழைக்கும் இடிக்கும் பறவைக்கும் முதலே, யுத்த ஹெலிகொப்டர்தான் சினிமாச் சத்தத்தைக் கூரைக்கு ஏற்றிவிட்டது.

தமிழ் சினிமா இதில் பின்தங்கி நிற்கவில்லை. கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' (1995) இந்தியாவில் டொல்பி ஸ்ரீரியோவில் வந்த முந்திய படங்களில் ஒன்று. 2012 ஜூனில் 'பிறேவ்' படத்தோடு டொல்பி அட்மொஸ் அறிமுகமானது. அதே வருடம் டிசம்பர் 12 அன்று 'சிவாஜி 3டி' அட்மொஸ் சத்தத்துடன் வந்தது. அடுத்து 2013 இல் 'விஸ்வரூபம்', பெல்ஜியத்தில் உருவான ஓரோ 3டி முறையில். அந்த முறையில் சுவரில் இரண்டு அடுக்கு ஸ்பீக்கர். அதற்கு மேல் கூரையில் நடுத்தலைக்கு நேராக ஒன்று. அந்த ஒன்றுக்குத் துறைக்காரர் வைத்த செல்லப்பெயர் 'கடவுளின் குரல்'. 'விஸ்வரூபம்' பற்றி எங்கள் சமூகத்தில் எத்தனையோ வாதம் நடந்தது. அதன் சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசியதாக ஞாபகம் இல்லை.

அட்மொஸில் என்ன புதிது? முன்பெல்லாம் 'இந்தச் சத்தம் இடப்பக்கப் பின் ஸ்பீக்கருக்கு' என்று பதிவிலேயே எழுதிவிடுவார்கள். அட்மொஸில் 'இந்தச் சத்தம் அறையில் இந்த இடத்தில், இவ்வளவு உயரத்தில்' என்று இடத்தைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று பார்த்து, எதில் எவ்வளவு போடுவது என்று ரிசீவர் கணக்குப் பண்ணும். 2014 இல் வீடுகளுக்கும் இது வந்துவிட்டது. 5.1.2 என்றால் சுற்றிவர ஐந்து, ஒரு சப்வூஃபர், மேலே இரண்டு. கடைசி இலக்கம்தான் கூரை.

காது ஏன் இதற்கு மசிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடது வலதை அறிவது சுலபம், ஒரு காதுக்கு முந்தி மற்றதுக்குப் பிந்தி வரும். மேல் கீழ் அப்படியல்ல. காது மடலின் மடிப்புகளில் பட்டு வரும்போது சத்தத்தின் நிறம் கொஞ்சம் மாறுகிறது, அதை வைத்து மூளை உயரத்தை ஊகிக்கிறது. யென்ஸ் பிளவேர்ட் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1969 அளவில் ஒன்றைக் காட்டினார்: 8 கிலோஹேர்ட்ஸ் அண்டிய மெல்லிய ஒலியை எங்கிருந்து போட்டாலும் அது மேலேயிருந்து வருவதுபோல் தோன்றும். ஆகவே கூரைக்கு மட்டமான, உயர்ந்த ஒலி தெளிவில்லாத ஸ்பீக்கர் பூட்டினால் நட்டம்தான். உயரத்தைச் சொல்லும் பகுதியே அதில் இருக்காது.

இந்த விசயத்தில் நம் ஊர்ச் சனத்துக்கு எந்தப் பொறியியலாளரும் படிப்பிக்கத் தேவையில்லை. மேலேயிருந்து வரும் சத்தத்தை வைத்து அது ஹெலியா பொம்மரா, வருகிறதா போகிறதா, பங்கருக்குள் இறங்க நேரம் இருக்கிறதா என்று பத்து வயதுப் பிள்ளைகள் சொன்ன ஊர் இது. பலாலி ஓடுபாதை பக்கத்தில். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு எங்கள் சனம் புத்தளத்தில். ஆகவே பின்னால் நடந்ததை என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் சொல்லித்தான் அறிவேன். மின்சாரம் இல்லை, பற்றறி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டிருக்கிறார்கள். செய்தி கேட்க ஒரு காது, வானத்துக்கு ஒரு காது.

போன வருடம் ஒரு வீட்டில் புதிதாகப் பூட்டிய நாலு சீலிங் ஸ்பீக்கரை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். மழை, இடி, பிறகு ஒரு ஹெலி பின்னாலிருந்து தலைக்கு மேலாக முன்னுக்குப் போகிறது. உண்மையிலேயே திறமான பூட்டல். அடுத்த அறையில் கதிரையில் இருந்த அந்த வீட்டு அம்மம்மா எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்குப் போய் மேலே பார்த்தார். பேரன் ஓடிப்போய் நிறுத்தினான். "ஒண்டுமில்லை அம்மம்மா, படம்." அவர் திரும்பி வந்து இருக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அறையின் அளவை அல்ல. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அந்த அறைக்கு அடுத்த அறை யாருடையது என்றுதான். பெரியவர்கள் இருந்தால் சீலிங்கில் ஓட்டை போட முன் அவர்களிடம் சொல்லுங்கள், ஒருதரம் போட்டுக் காட்டுங்கள். ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். மேலே உள்ளதை மூன்று நாலு டெசிபல் குறைத்தால் படம் ஒன்றும் கெட்டுப்போகாது. அவர்கள் வேண்டாம் என்றால் அந்த அறைக்கு 5.1 தாராளம்.

பூட்டுவதென்று முடிவெடுத்தால், காசில் பெரும்பங்கை முன் மூன்றுக்கும், அதிலும் நடு ஸ்பீக்கருக்கும் வையுங்கள். வசனம் அதிலிருந்துதான் வருகிறது. "படத்தில் பேசுறது விளங்குதில்லை" என்ற முறைப்பாட்டைத்தான் நான் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். ஒருவராவது கூரைச் சத்தம் காணாது என்று சொன்னதில்லை. நடு ஸ்பீக்கரையே சீலிங்கில் பூட்டச் சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், கதாநாயகன் மோட்டுக்குள் இருந்து பேசுவான்.

பள்ளிவாசலிலும் கடைகளிலும் பார்க்கும் வட்டமான சீலிங் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கும். அது 100 வோல்ட் லைனுக்கானது, பின்னால் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும். அறிவித்தலுக்குத் திறம், ஹோம் தியேட்டருக்குச் சரிவராது. 8 ஓம் என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள். உயர்ஒலிக் குமிழைத் திருப்பக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது, இருக்கும் பக்கமாகத் திருப்பிவிடலாம்.

இடம் பற்றி: சீலிங் 10 அடி, இருக்கும்போது காது மூன்றரை அடி என்று வையுங்கள். இடைவெளி ஆறரை அடி. இரண்டு ஸ்பீக்கர் என்றால் இருக்கைக்கு மேலே, ஓர் அடி முன்தள்ளி. நாலு என்றால் இருக்கையிலிருந்து முன்னுக்கு ஆறரை அடி, பின்னுக்கு ஆறரை அடி, அப்போது 45 பாகை வரும். பின்னுக்கு அவ்வளவு இடம் இல்லாத அறைக்கு நாலு தேவையே இல்லை. எங்கள் பக்கத்து அறைகளில் பெரும்பாலும் இரண்டுதான் சரி.

கூரை வகையையும் பாருங்கள். ஓட்டு வீட்டில் பி.வி.சி. சீலிங் அடித்திருந்தால் ஸ்பீக்கரின் பாரத்தை அந்தப் பலகையில் விடாதீர்கள். மேலே குறுக்குச் சட்டம் அடித்து அதில் தாங்கவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு இடிக்கும் சீலிங்கே கிடுகிடுக்கும். பிளாட் என்றால் உடைக்கவே வேண்டாம். முன் ஸ்பீக்கர்களின் மேல் வைத்து மேல்நோக்கிச் சத்தம் அனுப்பும் வகை இருக்கிறது. மட்டமான கொங்கிறீற்றில் பட்டு அது நன்றாகத் திரும்பி வரும். சரிவான ஓட்டுக் கூரையில் அது எடுபடாது. கடற்கரையை அண்டிய வீடுகளில் இரும்பு வலைமூடி ஒரு மாரியிலேயே கறள் பிடிக்கும், அலுமினியம் கேளுங்கள்.

வயரைக் கட்டாயம் பைப்புக்குள்ளால் விடுங்கள். எலியும் மரநாயும் சும்மா விடாது. இப்போது காசு இல்லாவிட்டாலும் சீலிங் அடிக்க முதல் நாலு மூலைக்கும் வயரை இழுத்து, எது முன், எது பின் என்று இரண்டு முனையிலும் எழுதி ஒட்டி வையுங்கள். ஸ்பீக்கரைப் பிறகு வாங்கலாம்.