கித்துள் கள்ளும் மதுவரியும்

தம்புள்ளைக் குகை விகாரைக்கு வருவோர் அதன் ஓவியங்களை வியந்து செல்வர். 1848 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் நாள் கொங்காலேகொட பண்டா அங்கே மன்னனாக முடிசூட்டப்பெற்றதை நினைப்போர் சிலரே. ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார்; ஆண்மக்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் செலுத்த வேண்டும் என்றார். மாத்தளை மக்களின் கிளர்ச்சிக்கு இவ்வரிகள் பெருங்காரணமாயின.

நாய்க்கு வரி கேட்பதற்கு நெடுநாள் முன்னரே அவ்வரசின் கை கள்ளுப் பானைக்குள் நுழைந்திருந்தது. சாராயமும் கள்ளும் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடும் முறையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பெற்றனர். 1815 இல் கண்டி அவர்கள் வசமான பின், மலைநாட்டுக்கும் அது பரவிற்று. 19 ஆம் நூற்றாண்டில் இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி மூலதனம் திரட்டியது இக்குத்தகையினாலேயே என்பதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார்.

மாத்தளை மலைச்சாரலில் வளரும் கித்துளைத் தமிழர் கூந்தற்பனை என்பர். அதன் பூம்பாளையை நாள்தோறும் சீவினால் இனிய நீர் சொட்டும். உடனே காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியுமாகும். காய்ச்சாது விட்டால், காற்றிலும் பானையிலும் வாழும் நுண்ணுயிர்களால் தானாகவே புளித்துக் கள்ளாகும். எந்தப் பாளையை எப்பொழுது சீவுவது, எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பன தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாகத் தந்த அறிவு.

இதே கொள்கை இன்று ஐரோப்பாவிற் பெரும் புகழ் பெற்றுள்ளது. 1924 இல் கோபர்விட்சில் ருடோல்ப் ஸ்டைனர் ஆற்றிய 8 விரிவுரைகளிலிருந்து உயிராற்றல் வேளாண்மை பிறந்தது. செயற்கை உரத்தை விலக்குதல் அதன் நற்பகுதி. பசுக்கொம்பிற் சாணமிட்டுப் புதைத்தால் அண்ட ஆற்றல் சேரும் என்பது அறிவியற் சான்றில்லாத நம்பிக்கை. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் நிக்கொலா ஜொலி 1980களில் தம் குடும்பத் திராட்சைத் தோட்டத்தை இம்முறைக்கு மாற்றினார். இவ்வழி செல்வோர் பலர் வேற்று நொதியைச் சேர்ப்பதில்லை; பழத்தோடு வந்த நுண்ணுயிர்களே மதுவை ஆக்கட்டும் என விடுகின்றனர். செல்வர் அதனை உயர்ந்த விலைக்கு வாங்குகின்றனர்.

ஒரே இயற்கை, ஒரே நொதித்தல். மதிப்பில் மட்டும் ஏன் இத்துணை வேற்றுமை? திராட்சை மது போத்தலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், கப்பலேறும், பண்டமாகும். கள்ளோ ஓரிரு நாளிற் புளித்துக் கெடும். ஆகவே மூலதனம் கெடாத சாராயத்தை நாடிற்று. கள் ஏழையின் பானமாகவே நின்றது. அதனை இறக்கியவனைச் சாதியின் பெயரால் சமூகம் தாழ்த்திற்று. கண்டி அரசில் கருப்பட்டி செய்து அளிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கடமையாகவே இருந்தது.

1912 இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது; தவறணைகள் பெருகுமென அஞ்சி மதுவிலக்கு இயக்கமும் எழுந்தது. குடி எத்தனையோ ஏழைக் குடும்பங்களைச் சிதைத்தது உண்மை. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவனின் கூலியையும் மானத்தையும் அவ்விவாதம் பொருட்படுத்தவில்லை. அரசு வரியை எண்ணிற்று. சீர்திருத்தக்காரர் பாவத்தை எண்ணினர்.

வேறு வழி இருந்தது என்பதற்கு வடபகுதி சான்று. 1972 இல் அங்கே கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. குத்தகைக்காரன் நின்ற இடத்தில் உழைப்போரின் சங்கம் வந்தது. சாதிக்கொடுமை அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் மரமேறியவன் தன் கள்ளின் விலையைப் பற்றித் தானே பேசும் நிலை பிறந்தது.

இயற்கை முறை என்னும் பெயரால் இன்று கித்துள் பாணியும் அயல்நாட்டுக் கடைகளை அடைகிறது. அது நன்றே. ஆயின் அப்போத்தலின் மேல் இயற்கையின் பெயர் மட்டும் பொறிக்கப்படுமாயின், பழைய குத்தகை புதிய உடையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். பாளையிலிருந்து நீர் தானே வடிவதில்லை; ஒரு மனிதன் கத்தியுடன் அங்கே ஏறியாக வேண்டும். அவனுக்குரிய பங்கைக் கேட்பதே வரலாறு நமக்கு விட்டுச்சென்ற வேலை.