இந்தூர் எருக்குழியும் நம் வீட்டு அரிசி டப்பாவும்

சென்ற தீபாவளிக்கு முன் எங்கள் ஆத்தில் ஒரு சிறு விவாதம். மாட்டுப்பெண் மாதுங்கா மார்க்கெட்டிலிருந்து அரிசி, துவரம்பருப்பு, வெல்லம் எல்லாவற்றையும் 'ஆர்கானிக்' என்று அச்சிட்ட பைகளில் வாங்கி வந்தாள். பில்லைப் பார்த்தேன். வழக்கமாகக் கொடுப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. "நாங்க எல்லாம் இதைச் சாப்பிட்டா வளர்ந்தோம்?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சின்ன வயசுல சாப்பிட்டது இதுதானேப்பா. அப்போ அதுக்குப் பேர் வைக்கலை, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அவள் சொன்னது சரிதானா என்று புத்தகங்களைப் புரட்டினேன். பாதி சரி, பாதி சரியில்லை. இது மேல்நாட்டு நாகரிகம் என்று நான் நினைத்திருந்ததுதான் முழுத் தப்பு. இதன் வேர் நம் தேசத்தில், அதுவும் இந்தூரிலும் கோயம்புத்தூரிலும் குன்னூரிலும் இருக்கிறது. படித்ததை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கற்றுக்கொடுக்க வந்தவர்கள் கற்றுக்கொண்டது

1889-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்லுமாறு ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணரை இங்கே அனுப்பியது. அவருடைய அறிக்கை 1893-ல் வெளிவந்தது. இந்திய விவசாயி பிற்பட்டவன் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பல இடங்களில் அவன் சாகுபடி இங்கிலாந்து விவசாயிக்குச் சளைத்ததல்ல என்று எழுதினார். சாணத்தை வயலில் சேர்க்காமல் அடுப்பில் எரிப்பதுதான் அவர் கண்ட பெரிய குறை. விறகு கிடைக்காத ஜனங்கள் வேறென்ன செய்வார்கள் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் நிபுணராக வந்தார். அவருடைய மனைவி கேப்ரியலும் பெரிய விஞ்ஞானி. இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'பூசா 4', 'பூசா 12' கோதுமை ரகங்கள் வட இந்தியாவில் பரவின. ஆனால் ஹோவர்டின் மனம் வேறு பக்கம் போயிற்று. நல்ல மண்ணில் வளர்ந்த பயிரைப் பூச்சி அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று சுற்றுவட்டார விவசாயிகளின் வயல்களில் கண்டார். அந்த விவசாயிகளும் பூச்சிகளுமே தமக்கு வாய்த்த பேராசிரியர்கள் என்று பின்னாளில் எழுதினார்.

இந்தூர் முறை

1924-ல் இந்தூரில் தாவரத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் துவங்கியபோது ஹோவர்ட் அதன் இயக்குநரானார். சாணம் முழுவதும் வயலுக்குக் கிடைக்காது. இருக்கிற கொஞ்சத்தை வைத்து நிறைய எரு தயாரிப்பது எப்படி? ஏழு வருஷம் அவர் இதற்கு வழி தேடினார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயன நிபுணர் அவருக்குத் துணை.

அவர்கள் கண்ட வழியில் மந்திரம் ஒன்றும் இல்லை. களை, பருத்தித் தட்டை, கரும்புச் சோகை, உதிர்ந்த இலை என வயலில் கழிக்கும் எல்லாவற்றையும் ஆழமில்லாத குழியில் படுக்கை படுக்கையாகப் பரப்புவது. நடுநடுவே கொஞ்சம் சாணம், கோமயம் ஊறிய தொழுவத்து மண், அடுப்புச் சாம்பல். தண்ணீர் தெளித்து, காற்றுப் புகும்படி மூன்று முறை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் கறுப்பான மக்கு எரு தயார். இதற்குத்தான் 'இந்தூர் முறை' என்று பெயர். 1931-ல் ஹோவர்டும் வாடும் சேர்ந்து இதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1935-ல் ஹிந்தி சாகித்ய சம்மேளனத்துக்காக இந்தூர் வந்த காந்திஜி இந்தக் குழிகளை நேரில் பார்த்தார். தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலும் இந்த முறையைப் பரப்பினார்.

இங்கிலாந்து திரும்பிய ஹோவர்ட் 1940-ல் தம் அனுபவத்தையெல்லாம் திரட்டிப் புகழ்பெற்ற நூல் ஒன்று எழுதினார். மண், செடி, மிருகம், மனிதன் நாலும் ஒரே சங்கிலி என்பது அதன் சாரம். அதே வருஷம் நார்த்போர்ன் பிரபு என்ற இன்னொரு ஆங்கிலேயர் இந்த வகை விவசாயத்துக்கு 'ஆர்கானிக்' என்று பெயர் வைத்தார். ஆக, மாட்டுப்பெண் கொண்டுவந்த பையில் இருந்த பெயர் இங்கிலாந்துடையது. சரக்கு இந்தூருடையது!

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

அதே காலத்தில் நீலகிரியில் டாக்டர் ராபர்ட் மெக்கரிசன் ஆகாரத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹைதராபாத்தில் இன்றுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு அவருடைய குன்னூர்ப் பரிசோதனைச் சாலைதான் மூலம். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909 முதல் வெவ்வேறு உரமிட்டு வளர்க்கும் நிரந்தரப் பரிசோதனை வயல் ஒன்று உண்டு. 1926-ல் மெக்கரிசனும் கோவை ரசாயன நிபுணர் விஸ்வநாத்தும் சேர்ந்து, தொழுவுரத்தில் விளைந்த கேழ்வரகு, கோதுமை போன்ற தானியங்களில் சத்து கூடுதல் என்று அறிவித்தார்கள். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த சோதனைகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மெக்கரிசனின் இன்னொரு சோதனை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களைத் தனித்தனியாக எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் சீக்கியர் ஆகாரம் முதலிடம் பெற்றது. கடைசி இடம் யாருக்கு? தீட்டிய அரிசியை அதிகமாகவும் பாலையும் கீரையையும் குறைவாகவும் கொண்ட 'மதராஸி' ஆகாரத்துக்கு! வட சர்க்கார் ஜில்லாக்களில் மில்லில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி நோய் இருந்ததும், புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாக இருந்ததும் அக்காலத்தில் தெரியவந்த விஷயம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் ஆத்துகளில் தினப்படி பச்சரிசிதான் ஆசாரம் என்று வைத்திருந்தோம். எதை உண்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும், எப்படி விளைந்தது என்பதை அடுத்தபடியாகப் பார்க்கலாம் என்பதே எலிகள் சொன்ன சேதி.

பசி வந்தபோது

அப்படியானால் நல்ல வழியை விட்டு ஏன் மாறினோம்? பசிதான் காரணம். 1943 வங்காளப் பஞ்சத்தை யாரும் மறந்திருக்கவில்லை. 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பலில் பி.எல். 480 கோதுமை வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலைமை. அப்போதைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் முன்னின்று, 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவித்தார்கள். தஞ்சாவூரில் 'ஆடுதுறை 27' நெல் வந்தது. என் தாத்தாவின் நிலத்தில் அதைப் போட்ட வருஷம் களத்துமேட்டில் நெல் குவிந்ததும், யூரியா மூட்டை வந்த வண்டியைச் சிறுவர்கள் வேடிக்கை பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. (ரசாயன உரம் அதற்கும் பழையது. ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை வந்துவிட்டது. அந்த மட்டில் மாட்டுப்பெண் சொன்னது முழுதும் சரியில்லை.) நம் வயிறு நிறைந்தது அந்த விதையால்தான். அதை மறந்து பசுமைப் புரட்சியைப் பழிப்பது நன்றி கெட்ட செயல்.

ஆனால் அபாயத்தை முதலில் சொன்னவர்களில் சுவாமிநாதனும் ஒருவர். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த விஞ்ஞான காங்கிரஸில், மண்வளத்தைக் காக்காமல் சுரண்டிச் சாகுபடி செய்வதும், பூச்சிமருந்தைக் கண்மூடித்தனமாக அடிப்பதும் கேட்டில் முடியும் என்று அவர் எச்சரித்தார். உரத்தை வாங்கிய வேகத்தில் எச்சரிக்கையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

விஷம் முதலில் யார் மேல் விழுந்தது?

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தும் உணவுப்பொருளும் ஒரே கப்பலில் வந்ததன் விளைவு. பத்து வருஷம் கழித்து, 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் பல வருஷம் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே குடியிருந்த ஏழை ஜனங்களின் குழந்தைகள் பட்ட அவஸ்தையை நாடே பார்த்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடை செய்தது.

எங்கள் ஊரில் மருந்து தெளித்தவர்கள் நாங்கள் அல்ல. வாயில் துணிகூடக் கட்டாமல் தெளித்தவர்கள் கூலியாட்கள். நாங்கள் திண்ணையிலிருந்து மகசூலைக் கணக்குப் பார்த்தோம். பிறகு நிலத்தை விற்றுவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினோம். பேரனின் தட்டில் என்ன இருக்கிறது என்று இன்று கவலைப்படும்போது, அந்தத் தெளிப்பானைச் சுமந்த முதுகையும் நினைக்க வேண்டாமா? பூச்சிமருந்து தெளிக்காத பயிரின் முதல் லாபம் விளைவிக்கிறவனுக்கு. நமக்கு இரண்டாவதுதான்.

மாற்றிக் காட்டியவர்களும் உண்டு. நம் மும்பையிலிருந்து குஜராத் எல்லை தாண்டினால் உமர்காவ் அருகே பாஸ்கர் சாவே (1922–2015) என்பவரின் 'கல்பவிருட்சம்' தோட்டம். ரசாயன உரத்தில் நல்ல விளைச்சல் கண்ட அவர், செலவு ஏறிக்கொண்டே போவதைக் கணக்குப் பார்த்து இயற்கை முறைக்கு மாறினார். தமிழ்நாட்டில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்தார் நம்மாழ்வார் (1938–2013). 2003-ல் கொள்கை அறிவித்த சிக்கிம், 2016-ல் முழு ஆர்கானிக் மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

முத்திரையும் அதன் பொருளும்

2001-ல் வந்த ஆர்கானிக் சான்றிதழ்த் திட்டம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ், ஏற்றுமதிக்காக வந்தது. விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறை 2011-ல் வந்தது. உள்நாட்டுக் கடைகளில் விற்பதற்கான கட்டாய விதிகள் 2018 ஜூலை முதல்தான் அமலாயின. அதுவரை யார் வேண்டுமானாலும் பையில் 'ஆர்கானிக்' என்று அச்சிட்டிருக்கலாம்!

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தச் சான்று விளைவித்த முறைக்குத்தான், சத்துக்கு அல்ல. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் பெரிய வித்தியாசத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் மட்டும் குறைவு என்றார்கள். 2014-ல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வு சில நல்ல சத்துகள் கூடுதல், காட்மியம் குறைவு என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. எச்சம் குறைவு என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று.

எங்கள் ஆத்து ஏற்பாடு

இவ்வளவும் படித்தபின் மாட்டுப்பெண்ணும் நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். தோலோடு உண்ணும் பழம், கீரை, குழந்தை தினமும் சாப்பிடும் அரிசி, பருப்பு இவற்றைச் சான்று பார்த்து ஆர்கானிக்காக வாங்குவது. வாழைக்காய், பூசணி, தேங்காய் போன்று தோலையும் ஓட்டையும் நீக்கிச் சமைப்பவை வழக்கமான கடையிலேயே. எந்தக் காயானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது. மேலே ஒட்டியது போகும், உள்ளே ஊறியது போகாது என்றாலும் கழுவாமலிருப்பதற்கு அது சாக்கல்ல. ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான், ஆர்கானிக் பிஸ்கட்டும் பிஸ்கட்தான் என்பதால் அவை பட்டியலில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பச்சரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசியோ கேழ்வரகோ. மாத பில் முன்பைவிடச் சற்றுத்தான் கூடியிருக்கிறது. கூடியதை என் பென்ஷனிலிருந்து கொடுக்கிறேன்.

பால்கனியில் இரண்டு பெரிய மண்தொட்டிகள் வாங்கி வைத்திருக்கிறோம். காய்கறித் தோல், உலர்ந்த இலை, சுவாமிக்குச் சாற்றிய பூ, கொஞ்சம் மண் என்று படுக்கை படுக்கையாகப் போட்டு, வாரம் ஒருமுறை பேரனும் நானும் புரட்டுகிறோம். ஹோவர்ட் சொன்ன மூன்று மாதம் வரும் தை மாதத்தில் முடிகிறது. கறிவேப்பிலைக் கன்று இப்போதே தயாராக இருக்கிறது.