தாளாளரின் உரிமையும் தாய் தகப்பனின் விருப்பமும்: சேதுக்கடலின் இரு கரைகளில் கத்தோலிக்கப் பள்ளிச் சட்ட வாதங்கள், 1854–2025

1960 டிசம்பர் 1ஆம் தேதி இலங்கை அரசு, உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிசெய்தது. மறு ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பள்ளிகளின் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்க இடம் தந்தது. அன்று தலைமன்னாரில் கப்பலேறினால் சுமார் முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. இந்தக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.சி. பள்ளிகள் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் வாங்கிக்கொண்டு, பங்குச் சாமியாரைத் தாளாளராக வைத்துக்கொண்டு, வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. இரு கரையிலும் அதே மறை, அதே மொழி, பெரும்பாலும் அதே மீன்பிடித் தொழில். சட்டம்தான் வேறு.

இந்த வேறுபாட்டை அரசியல் சூழலால் மட்டும் விளக்கிவிட முடியாது. பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கும் முதல் உரிமை பெற்றோருக்கே என்ற வாதத்தை இலங்கைக் கத்தோலிக்கர் உரக்கப் பேசினார்கள், தோற்றார்கள். இந்தியக் கத்தோலிக்கர் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிறுபான்மையினரின் நிர்வாக உரிமை என்று பேசினார்கள், வென்றார்கள். வென்ற அந்த வழியில் பெற்றோருக்கு என்ன ஆயிற்று என்பதையே இக்கட்டுரை தேடுகிறது.

இராமநாதபுரக் கடற்கரைக்குக் கத்தோலிக்க மறை பள்ளிக்கூடத்தோடு வந்து சேரவில்லை. 1549இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். இரண்டு பூசலிலும் பள்ளிக்கு இடமில்லை. ஆங்கிலப் பள்ளியை இங்கே முதலில் ஊன்றியவர்கள் சீர்திருத்தச் சபையார். சுவார்ட்ஸ் ஐயரின் முயற்சி 1785 வாக்கிலேயே இராமநாதபுரத்தில் தொடங்கிவிட்டது. 1773இல் ஒடுக்கப்பட்ட இயேசு சபையோ, 1838 வாக்கில்தான் மதுரை மிஷனுக்குத் திரும்பியது.

பள்ளிக்கு அரசுப் பணம் வந்தது 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆணையால். தனியார் பள்ளிக்கு மானியம் உண்டு, ஆனால் அது உலகியல் கல்விக்கு மட்டும். மதபோதனை பற்றி ஆய்வாளர் கேட்கவும் மாட்டார், மதிப்பிடவும் மாட்டார். இந்த ஏற்பாடு மிஷன்களுக்கு வசதியாக இருந்தது. பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு. சென்னை மாகாணத்திலிருந்து அதில் அமர்ந்தவர்களில் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும், நாகப்பட்டினம் புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபர் ஜீன் என்ற இயேசு சபைக் குருவும் உண்டு. (அடுத்த ஆண்டே அந்தக் கல்லூரி திருச்சிக்கு இடம் பெயர்ந்தது.) குழுவின் பரிந்துரைகளில் ஒன்று அதிகம் பேசப்படாதது. ஓர் ஊரில் ஒரே ஒரு பள்ளிதான் இருந்து, அதில் மதபோதனை கட்டாயம் என்றால், பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை வேண்டும். அதனால் பள்ளியின் மற்றப் பயன் எதையும் பிள்ளை இழக்கக் கூடாது. ஆக, பெற்றோரின் விருப்பம் நம் சட்டப் பேச்சுக்குள் நுழைந்ததே, மிஷன் பள்ளியின் வேதபாடத்திலிருந்து இந்துப் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையாகத்தான். 1910களின் நடுவில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இதே உரிமையைக் கேட்டுப் பிரசாரம் செய்தார். பெற்றோர் உரிமை என்றாலே அது கத்தோலிக்கச் சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிப்பது நல்லது.

ரோமின் குரல் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1922இல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சட்டம் செய்தது. கன்னியர் சபை ஒன்று வழக்காடி 1925இல் அதை உச்ச நீதிமன்றத்தில் வீழ்த்தியது. குழந்தை அரசின் உடைமை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1929 டிசம்பர் 31இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் கல்வி பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இதையே இறையியலாக்கிற்று: குடும்பத்தின் உரிமை அரசுக்கு முந்தியது. அதே மடல், கத்தோலிக்கரும் பிறரும் கலந்து படிக்கும் பள்ளிகளைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஆகாதவை என்கிறது. இந்து, முஸ்லிம் பிள்ளைகள் நிறைந்த நம்மூர் ஆர்.சி. பள்ளியின் வாசலில் நின்று அதைப் படித்தால் சிரிப்பு வராமல் போகாது.

இந்த வாதத்தை முழு மூச்சாக ஏற்றவர்கள் இலங்கைக் கத்தோலிக்கர். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நடந்த விவாதங்களில் கத்தோலிக்கத் தரப்பை எழுத்திலும் மேடையிலும் முன்வைத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழ்க் குரு: அமலமரித் தியாகிகள் சபையின் பீற்றர் பிள்ளை அடிகள். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபர், பின்னாளில் 1954இல் அக்குவைனாஸ் கல்லூரியை நிறுவியவர். வரி கட்டும் பெற்றோர் தாம் நம்பும் பள்ளியைத் தேர்ந்தால் அரசு அதற்குப் பணம் தர மறுப்பது நீதியா என்பதுதான் அத்தரப்பின் மையக் கேள்வி.

வலுவான கேள்விதான். ஆனால் எதிர்த்தரப்பிடமும் பெற்றோர் இருந்தார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஏராளமான பௌத்தப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களின் பெற்றோருக்கு எங்கே தேர்வு என்று பௌத்த அமைப்புகள் கேட்டன. அகில இலங்கை பௌத்த காங்கிரஸின் விசாரணைக் குழு 1956இல் வெளியிட்ட அறிக்கை பள்ளிகளை அரசே எடுக்க வேண்டும் என்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு பாரபட்சமான சட்டத்தைத் தடுத்ததே தவிர, பள்ளி நிறுவி நடத்தும் உரிமை எதையும் யாருக்கும் தரவில்லை. கையில் பிடிக்கச் சட்டக் கம்பு இல்லாத கத்தோலிக்கப் பெற்றோர், 1960 இறுதியில் பள்ளிகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்து பேசிய பிறகே அந்தப் போராட்டம் தணிந்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில பெரிய பள்ளிகள், கட்டணம் வாங்காமல் தனித்து நிற்பதைத் தேர்ந்தன. கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

கிராசியஸ் புறப்பட்டு வந்த நாட்டில் கத்தோலிக்கரிடம் அந்தக் கம்பு இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானவர்களில் ஒருவர், லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசௌசா. தனித்தொகுதியும் சட்டமன்ற இடஒதுக்கீடும் தமக்கு வேண்டாம் என்று கிறிஸ்தவத் தரப்பு விட்டுக்கொடுத்ததில் அவருக்கும் சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவர் எச்.சி. முகர்ஜிக்கும் பங்கு உண்டு. விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் பண்பாட்டு, கல்வி உரிமைகள் உறுதியாயின என்று வாசிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இன்றைய 29, 30ஆம் பிரிவுகளின் வரைவு 1948 டிசம்பர் 7, 8 தேதிகளில் சபையில் விவாதிக்கப்பட்டது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 10இல், பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 26(3) பிரிவு, பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்று தேர்வதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்கிறது. டெல்லியில் எழுதப்பட்டதில் பெற்றோர் அந்த வடிவில் இடம்பெறவில்லை. 30(1)இன்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை பெறுவோர் மத, மொழிச் சிறுபான்மையினர். கல்வி பற்றிய அடிப்படை உரிமைகளில் பாதுகாவலர் தலைகாட்டும் இடம் 28(3) மட்டுமே: சிறுவர் மதபோதனை வகுப்பில் இருக்க வேண்டுமானால் பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும். ஹண்டர் குழுவின் அந்தப் பழைய விதிதான் இது, சற்று இறுகிய வடிவில்.

30(1)இன் பலம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது கேரளத்தில். 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, ஆசிரியர் நியமனத்தைக் கட்டுப்படுத்தியது. பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளவும் இடம் வைத்தது. முண்டசேரியே பிறப்பால் கத்தோலிக்கர் என்பது ஆயர்களுக்கு எரிச்சலைக் கூட்டியிருக்கும். தெருவில் விமோசன சமரம் என்ற எதிர்ப்புப் போராட்டம் எழுந்தது. 1959 ஜூலை 31இல் ஆட்சியே கலைக்கப்பட்டது. ஆனால் சட்டத்தில் நிலைத்தது தெருப் போராட்டம் அன்று. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பியதன் பேரில் 1958 மே 22இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்தான். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய பெரும்பான்மைக் கருத்து இரண்டு பக்கமும் வரம்பு கட்டியது: நிர்வாக உரிமை சீர்கேடாக நடத்தும் உரிமை ஆகாது, மானியம் வேண்டுமென்றால் உரிமையை விட்டுவிடு என்று அரசு நிபந்தனை போடவும் முடியாது. 1974 ஏப்ரலில் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் இதை மேலும் கெட்டிப்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இதன் எதிரொலி உடனே கேட்டது. 1973ஆம் ஆண்டின் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பள்ளிக் குழு அமைப்பது முதல் ஆசிரியர் மீதான நடவடிக்கை வரை விதிகள் வகுத்தது. சிறுபான்மை நிர்வாகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 1975 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பல பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தா என்றது. 1977இல் அவற்றுக்கெனத் தனி விதிகள் வந்தன. 1987இல் மதுரை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான சிவகங்கை மறைமாவட்டம், இந்தப் பாதுகாப்போடுதான் இராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: யாரை ஆசிரியராக, தலைமை ஆசிரியராக அமர்த்துவது என்பதில் தாளாளரின் சொல் எடுபடும்.

பெற்றோரோ? இங்கே ஆர்.சி. பள்ளியைத் தேடி வரும் பெற்றோரில் கத்தோலிக்கர் ஒரு பங்கினர்தான். தன் பிள்ளை ஞாயிறு மறைக்கல்வி படிக்க வேண்டும் என்று அனுப்புகிறவர் சிலர். கண்டிப்புக்காகவும் ஆங்கிலத்துக்காகவும் அனுப்புகிறவர் பலர். அப்துல் கலாமின் வாழ்க்கை நாடறிந்த சான்று. இராமேஸ்வரத்து முஸ்லிம் குடும்பத்துப் பையன் இராமநாதபுரத்தில் சீர்திருத்தச் சபையாரின் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, 1950இல் திருச்சி இயேசு சபைக் கல்லூரிக்குப் போனார். அவர் தன் நினைவுகளில், கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரி, போடல் பாதிரியார் ஆகியோரோடு தன் தந்தை உட்கார்ந்து ஊர்க் காரியம் பேசியதைச் சொல்கிறார். மதம் பார்த்தல்ல, பள்ளி பார்த்துத் தேர்ந்த பெற்றோர் இவர்கள். இவர்களின் தேர்வுக்கு 30ஆம் பிரிவில் பெயரில்லை. தாளாளருக்கு உரிமை இருக்கும்வரை இவர்களுக்கும் பள்ளி கிடைக்கும், அவ்வளவே.

2002இன் 86ஆம் திருத்தம் பெற்றோரை அரசியலமைப்புக்குள் மீண்டும் கொண்டுவந்தது, கடமையாளராக: 51அ(க) பிரிவின்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பது அவர்கள் கடமை. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதையே சொன்னது. அதே சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம் ஒதுக்கியபோது சிறுபான்மை நிர்வாகங்கள் 30(1)ஐ எடுத்து நீட்டின. 2014 மே 6இல், பிரமதி வழக்கில், அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பள்ளிக்கு அது வெற்றி. ஆனால் அருகிலிருக்கும் சுயநிதிச் சிறுபான்மைப் பள்ளியில் இலவச இடம் தேடும் ஏழை மீனவத் தாய்க்கு, 2012 தீர்ப்பிலேயே சாத்தப்பட்டிருந்த கதவு அன்று பூட்டப்பட்டது. அவர் கத்தோலிக்கராக இருந்தாலும்.

அதே நாளில் அதே ஐவர் அமர்வு கர்நாடகத்தின் பயிற்றுமொழி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தொடக்கக் கல்வி எந்த மொழியில் என்று தேர்வது, பேச்சுரிமை தரும் 19(1)(அ)இன் கீழ் குழந்தையின் சார்பில் பெற்றோருக்கு உள்ள உரிமை. பீற்றர் பிள்ளை அடிகள் கேட்டதற்கு மிக அருகில் இந்திய நீதிமன்றம் வந்தது அன்றுதான். வந்ததும் மதத்தின் பெயரால் வரவில்லை, ஆங்கில வழிப் பள்ளிகளின் வழக்கில் வந்தது.

2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு பிரமதி தீர்ப்பையே ஐயுற்றது. ஆசிரியர் தகுதித் தேர்வு சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் உண்டா என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து அவற்றுக்கு முழு விலக்கு அளித்தது சரியா என்பதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்த அமர்வின் முன் நிர்வாகங்கள் 30(1)ஐயும், அரசு, கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21அ பிரிவையும் எடுத்து வைக்கும். 1882இல் நாகப்பட்டினத்து ஜீன் அடிகள் உட்கார்ந்திருந்த குழு கேட்ட கேள்வியை, அதாவது ஊரில் வேறு பள்ளி இல்லாத பெற்றோர் என்ன செய்வார் என்பதை, இரு தரப்பில் யாராவது எழுப்பினால் வழக்கு வேறு திசைக்குப் போகலாம்.