பழைய கஞ்சில் கார்: பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பெரோடுவா நிறுவனத்தின் முதல் காரான கஞ்சில், 1994 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. 2009-இல் அதன் தயாரிப்பு நின்றது. கடைசியாக வெளிவந்த கஞ்சிலுக்கே இப்போது 15 வயதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் செம்பனைத் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துத் தாமான்களிலும் சருகுமானின் பெயர் கொண்ட இந்தச் சின்னக் கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதற்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கும் பல வீடுகளில் இதுதான் ஒரே வண்டி.

இப்படிப்பட்ட காரின் விலையே சில ஆயிரம் வெள்ளிதான். இன்ஜினைப் பிரித்துச் செய்யும் பெரிய பழுது ஒன்று வந்தால், அந்தச் செலவு காரின் விலையை எட்டிவிடும். அதனால் கோளாறைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது முக்கியம். சிங்கப்பூரில் 10 ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மலேசியாவில் தனியார் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்ததில்லை. உரிமையாளர் பார்த்தால்தான் உண்டு.

கார்புரேட்டர் பொருத்திய பழைய கஞ்சிலில் கம்ப்யூட்டர் கருவியை மாட்டிக் கோளாறு பார்க்க முடியாது. கண், காது, மூக்கு, ஒரு மலிவான மல்டிமீட்டர், 10, 12, 14 அளவு ஸ்பானர்கள், பிளக் கழற்றும் சாக்கெட் ஆகியவை இருந்தால் பாதிக் கோளாறை அடையாளம் காணலாம்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மீது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், மைனஸ் முனையை முதலில் கழற்றி, சுடுநீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்ட வேண்டும். பலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். இன்ஜின் ஓடாதபோது ஏறக்குறைய 12.5 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும். ஓடும்போதும் எண் ஏறவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. புதுப் பேட்டரி வாங்கினாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், பெட்ரோல் வரவில்லை அல்லது பொறி இல்லை. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பது நல்லது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது கார் குலுங்கினால் பிளக்குகளைப் பார்க்க வேண்டும். கஞ்சில் இன்ஜினில் சிலிண்டர் மூன்றுதான். ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். இன்ஜின் ஆறிய பிறகு, கேபிள்கள் இடம் மாறாதபடி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று பொருள். அது பட்டறை வேலை.

சூடேறுவதுதான் பெரிய ஆபத்து

பழைய கஞ்சில்களைப் பொத்தோங் கடைக்கு அனுப்பும் பெரிய காரணம் சூடேறுதல். சூட்டுமானியின் முள் எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நெரிசலில் ஏறி, கார் ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்றாடியைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையைக் காற்றாடிதான் செய்ய வேண்டும். ஏர்கோனை அடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டி ஏறியும் காற்றாடி சுற்றாவிட்டால் பியூஸ், சூட்டு சுவிட்ச், மோட்டார் மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவது போன்ற பயணத்தில் மட்டும் சூடேறினால், தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று காரணம். மேல் குழாய் கொதித்தும் கீழ்க்குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். இதற்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது நல்ல வைத்தியமல்ல. இன்ஜின் தேவையான சூட்டை எட்டாமல் பெட்ரோலை விழுங்கும்.

குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றி வந்தால் உள்ளே துரு பிடித்து ரேடியேட்டர் அடைக்கும். கூலன்ட் ஒரு புட்டியின் விலை, ரேடியேட்டரின் விலையில் சிறு பங்குதான்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துபோகலாம். "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டிப் போய்த்தான் பலர் ஹெட் கேஸ்கெட்டை எரித்துக்கொள்கிறார்கள். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசின், புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, ரேடியேட்டரில் குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள். மூடியில் மட்டும் லேசான பிசின் இருந்தால் பயப்பட வேண்டாம். குறுந்தூர ஓட்டத்திலும் அது வரும்.

தோட்டத்துச் செம்மண் சாலை

செம்மண் சாலையில் ஓடும் காரின் காற்று வடிகட்டி சீக்கிரமே அடைத்துவிடும். மாதம் ஒரு முறை கழற்றித் தட்ட வேண்டும். முன்சக்கரங்களின் உட்புறம் உள்ள ரப்பர் உறையையும் குனிந்து பாருங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகரும்போது 'டக் டக்' என்று கேட்டால் மூட்டு தேய்ந்துவிட்டது. சத்தம் வருமுன் உறையை மட்டும் மாற்றினால் செலவு குறைவு.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பிரேக் ஆயில் மட்டம் குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்லக் கீழே இறங்கினால் அன்றைக்கே பட்டறைக்குப் போக வேண்டும், அதுவும் இழுவை லாரியில். டைமிங் பெல்ட்டும் அனுபவசாலியின் வேலை. எப்போது மாற்றியது என்று தெரியாமல் வாங்கிய காராக இருந்தால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. சமதளமான சிமெண்டுத் தரையில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு அடை கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். மாற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். காலி டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.