டயல் பிறந்த கதை

பழைய கருப்பு போனில் நாம் நம்பர் சுற்றுகிறோமே, அந்தச் சுற்றுகிற நேரத்தில் எதுவும் நடப்பதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு சேதியும் போகாது. விரல் தடையில் முட்டி, நாம் கையை எடுத்த பிறகு சக்கரம் கிர்ரென்று தன் இடத்துக்குத் திரும்புகிறது. அப்போதுதான் நம்பர் போகிறது. அவசரக்காரர் சுற்றினாலும் கை நடுங்கும் பெரியவர் சுற்றினாலும் திரும்புகிற வேகம் ஒன்றே. விரலின் வேலை ஸ்பிரிங்கை முறுக்கிக் கொடுப்பது மட்டும். எண்ணிச் சொல்லும் வேலை சக்கரத்துடையது. இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேருவதற்கு முன், எண்ணும் வேலையையும் விரலிடமே கொடுத்துப் பார்த்து அவதிப்பட்டார்கள்.

1880-களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச்சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திவந்தார். இளமையில் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அந்தக் காலத்து போனில் நம்பர் கிடையாது, டயலும் கிடையாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் பேசுவார். யார் வேண்டும் என்று அவரிடம் சொன்னால், கயிறு போன்ற கம்பியை உரிய துளையில் செருகி இணைப்புக் கொடுப்பார். அதே ஊரில் அதே தொழில் செய்த போட்டியாளரின் மனைவி அந்த எக்ஸ்சேஞ்சில் இருந்தாராம்; ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளைத் தன் கணவருக்கே திருப்பிவிட்டாராம். அதனால்தான் நடுவில் ஆள் இல்லாத எக்ஸ்சேஞ்சை அவர் யோசித்தார் என்று காலம் காலமாகச் சொல்கிறார்கள். முதல் மாதிரியைச் சட்டைக் காலர் வைக்கும் வட்டப் பெட்டியில் குண்டூசிகளைச் செருகிச் செய்தார் என்பதும் இதே கதையின் கிளைதான். கதை எப்படியோ, காப்புரிமை கேட்டு அவர் 1889-இல் விண்ணப்பித்ததற்கும் 1891 மார்ச் 10 அன்று அது கிடைத்ததற்கும் ஆவணம் இருக்கிறது.

அந்த எக்ஸ்சேஞ்சுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. டாக்டர் இப்போது எந்த வீட்டில் இருக்கிறார், தீப்பிடித்தது எந்தத் தெருவில் என்றெல்லாம் அறிந்து ஊருக்குச் சொன்னவர்கள் அவர்கள். இயந்திரம் இணைப்பைத்தான் கொடுத்தது. அந்த அறிவு இயந்திரத்துக்கு மாறவில்லை.

இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற சிறிய ஊரில் 1892 நவம்பர் 3 அன்று ஸ்ட்ரோஜர் முறையில் முதல் பொது எக்ஸ்சேஞ்ச் திறந்தது. சந்தாதாரர்கள் நூறு பேர்கூட இல்லை. அங்கே வைத்த போன்களிலும் டயல் கிடையாது. பொத்தான்கள் இருந்தன. 57-ஆம் எண் வீட்டைக் கூப்பிட வேண்டுமானால் பத்துகளுக்கான பொத்தானை ஐந்து தடவையும் ஒன்றுகளுக்கான பொத்தானை ஏழு தடவையும் அழுத்த வேண்டும். அழுத்துகிறவரே மனத்துக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். நடுவில் குழந்தை அழுதாலோ யாராவது கூப்பிட்டாலோ கணக்குத் தவறும். வேறு வீட்டில் மணி அடிக்கும். மிக வேகமாக அழுத்தினால் அந்தப் பக்கத்து இயந்திரம் ஈடுகொடுக்காது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கம்பி வேறு. வீட்டு வாசலுக்கு ஒரு கட்டுக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது.

டயல் இந்த அவதியிலிருந்துதான் பிறக்கிறது, பெற்றவர்களும் வேறு ஆட்கள். ஸ்ட்ரோஜரின் நிறுவனத்தில் வேலைக்கு வந்த அலெக்சாண்டர் கீத், கான்சாஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்பர்க் பகுதியிலிருந்து வந்த ஜான் எரிக்சன், அவர் சகோதரர் சார்லஸ் எரிக்சன் ஆகிய மூவரும் சேர்ந்து 1896-இல் ஒரு சுழலும் சக்கரத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள்; 1898 ஜனவரியில் கிடைத்தது. அந்தச் சக்கரத்தில் விரல் நுழையும் துளைகள் இல்லை. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். துளைகள் பிறகு வந்தன. 1896-லேயே மில்வாக்கி நகர மன்றக் கட்டடத்தில் டயல் வைத்த போன்கள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. கம்பிக் கட்டு இரண்டே கம்பிகளாகச் சுருங்குவதற்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

எக்ஸ்சேஞ்சுக்கும் அதன் சுவிட்சுக்கும் ஸ்ட்ரோஜர் என்ற பெயரே நிலைத்தது. அது நியாயம்தான். ஆனால் நம் வீட்டு மேசைமேல் இருந்து நம் விரல் தொட்ட பாகம் கீத்தும் எரிக்சன் சகோதரர்களும் கொடுத்தது. அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோஜர் தன் உரிமைகளை 1896-இல் 1,800 டாலருக்கு விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய் 1902-இல் இறந்தார். 1916-இல் அதே உரிமைகள் 25 லட்சம் டாலருக்குக் கைமாறின. ஆள் வைத்த எக்ஸ்சேஞ்சுகளையே நம்பியிருந்த பெல் நிறுவனம் 1919-இல்தான் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் தன் முதல் பெரிய டயல் எக்ஸ்சேஞ்சைத் திறந்தது.

சக்கரம் திரும்பும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ரிசீவரைத் தாங்கியிலிருந்து எடுத்ததும் எக்ஸ்சேஞ்சின் சுமார் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். டயல் திரும்புகையில் அந்த ஓட்டத்தை வெட்டி வெட்டி விடுகிறது. 5 சுற்றினால் ஐந்து வெட்டு, 0 சுற்றினால் பத்து வெட்டு. விநாடிக்குப் பத்து என்பது கணக்கு. வேகம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் கவர்னர். சுழலும்போது அதன் இரு எடைகளும் விரிந்து ஒரு கிண்ணத்தின் சுவரில் உரசும், வேகம் அளவோடு நிற்கும். அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மின்காந்தம் துடித்து ஒரு தண்டை ஒரு படி நகர்த்தும். கடைசி இரண்டு எண்கள் 57 என்றால் தண்டு ஐந்து படி மேலே ஏறி, ஏழு படி பக்கவாட்டில் திரும்பி, நூறு முனைகளில் உரிய முனையைத் தொட்டு நிற்கும். நம் விரலின் அசைவு, ஊரின் இன்னொரு மூலையில் இரும்பின் அசைவாக நடக்கிறது. இவ்வளவு நேரடியான இயந்திரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டயலின் இந்த இயல்பு உலகத்தின் எண்களிலேயே படிந்துகிடக்கிறது. 1947-இல் அமெரிக்க நகரங்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்தபோது நியூயார்க்குக்கு 212, லாஸ் ஏஞ்சலிஸுக்கு 213, சிகாகோவுக்கு 312 என்று வைத்தார்கள். அதிகம் பேர் கூப்பிடும் ஊர்களுக்குக் குறைந்த துடிப்புகள், அதாவது குறைந்த வெட்டுகள். நியூயார்க்குக்கு ஐந்தே துடிப்பு. லண்டனில் 1937-இல் அவசர எண்ணாக 999 வந்ததற்கு ஒரு காரணம், இருட்டிலும் புகையிலும் தடையைத் தடவி 9-இன் துளையைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. நியூசிலாந்தில் டயலின் எண்கள் தலைகீழாக அச்சாகியிருந்தன; அங்கே 1 சுற்றினால் ஒன்பது துடிப்பு போகும். பிரிட்டனில் 9 அனுப்பும் அதே ஒன்பது துடிப்பு. ஆகவே 1958-இல் அவர்கள் அவசர எண் 111 ஆயிற்று.

இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில் வந்தது. ஆங்கிலேய அரசின் கோடைத் தலைநகர் ஆயிற்றே. 1948-இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கி, போன்களும் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளும் இங்கேயே தயாராயின. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆள் உதவி இல்லாமல் டயல் சுற்றியே பேசும் எஸ்.டி.டி. தொடங்கும்வரை, வெளியூருக்குப் பேச டிரங்கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் டயலோடு அடிக்கடி ஒரு பூட்டும் சேர்ந்திருந்தது. விரல் துளைக்குள் உருளையாக ஒரு சின்னப் பூட்டைச் செருகிவிட்டால் சக்கரம் சுற்றாது. வரும் அழைப்பை எடுக்கலாம், போட முடியாது. பில்லுக்குப் பயந்த வீடுகளிலும் கடைகளிலும் இது சாதாரணமாக இருந்தது. பிள்ளைகள் இதற்கும் வழி கண்டார்கள். ரிசீவரை எடுத்து, தாங்கிப் பொத்தானை 5-க்கு ஐந்து தடவை, 3-க்கு மூன்று தடவை சீராகத் தட்டினால் நம்பர் போய்விடும். மின்சாரம் வெட்டுப்பட்டால் போதும், வெட்டியது டயலா தாங்கியா என்று எக்ஸ்சேஞ்ச் கேட்பதில்லை. லா போர்ட்காரர்கள் 1892-இல் செய்த அதே வேலையை, யாரும் சொல்லித்தராமல் இங்கே பிள்ளைகள் செய்தார்கள்.

இப்போது பழைய சாமான் கடைகளில் கருப்பு போன் கிடைக்கிறது; வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மணி அடிக்க வேண்டும் என்றுதான் நான் வாங்கினேன். கடையிலேயே 0 சுற்றிவிட்டுக் கவனியுங்கள். ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், ஒரே சீராக, நடுவில் திணறாமல் திரும்ப வேண்டும். திணறினால் பெரும்பாலும் அழுக்குதான். கடைக்காரர் எண்ணெய் விட முன்வந்தால் தடுத்துவிடுங்கள். கவர்னர் உரசும் கிண்ணத்தில் எண்ணெய் ஏறினால் வேகம் கைமீறிவிடும். ரிசீவரின் வாய்ப்பக்கத்தில் கரித்துகள் நிறைந்த வில்லை இருக்கிறது. வருஷக்கணக்கில் கிடந்து இறுகியிருந்தால் குரல் மங்கலாகக் கேட்கும். கையில் லேசாகத் தட்டினால் பல சமயம் உயிர் வரும். அடித்தகட்டைத் திறந்து மணிக் கிண்ணங்கள் இரண்டும், நடுவில் சுத்தியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலங்காரத்துக்காக விற்கிற புதுப் போலிகளில் உள்ளே எடைக்கு ஒரு இரும்புத் துண்டும் மின்னணுப் பீப்பொலியும்தான் இருக்கும்.

இணைப்பு கொடுப்பது கடினமில்லை. லைனுக்கு வேண்டியது இரண்டே கம்பி, இரண்டு திருகு முனை. பல போன்களில் அடித்தகட்டின் உள்பக்கத்திலேயே மின்சுற்றுப் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து லைன் முனைகளைக் கண்டுகொள்ளலாம். கரித்துகள் வகைப் போனில் கம்பிகளை இடம் மாற்றிப் போட்டாலும் பேச்சுக்குக் கேடில்லை. லைனைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டே கை வைக்க வேண்டும். மணியடிக்க வரும் மின்சாரம் 75 வோல்ட் அளவுக்கு இருக்கும், நன்றாகவே உதைக்கும்.

செம்புக் கம்பி லைன் இன்னும் இருக்கிற வீட்டில் இதோடு வேலை முடிந்துவிடலாம். எங்கள் வீட்டில் ஃபைபர். அதற்காக வீட்டில் வைத்த இணைப்புப் பெட்டியின் பின்னால் போனுக்கென்று ஒரு துளை உண்டு. அதில் செருகியதும் வெளியிலிருந்து வந்த அழைப்புக்கு மணி வீடு முழுவதும் கேட்கும்படி அடித்தது. டயல் சுற்றினால் மட்டும் எதுவும் நடக்கவில்லை. துடிப்புகளை எண்ணத் தெரியாத பெட்டிகள் இப்போது அதிகம். 1963-இல் அமெரிக்காவில் வந்த பொத்தான் போனின் இரட்டைத் தொனிகள்தான் அவற்றுக்குப் புரியும். இதற்கென்றே துடிப்பைத் தொனியாக மாற்றித் தரும் சிறு கருவி விற்கிறார்கள். போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் அதை வைத்தேன். சக்கரம் திரும்பும்போது அது துடிப்புகளை எண்ணி, நின்றதும் ஒரு தொனியை அனுப்புகிறது. டெல்லிக்கான 011 பன்னிரண்டு துடிப்பில் முடிகிறது, சென்னைக்கான 044 பதினெட்டு. பத்து இலக்கக் கைபேசி எண்ணைச் சுற்றி முடிப்பதற்குள், முன்பு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்துவிடும். சுற்றச் சுற்ற எண் கையில் ஏறுகிறது.

டயலில் நட்சத்திரமும் சதுரக் குறியும் கிடையாது. வங்கியையோ கேஸ் ஏஜென்சியையோ கூப்பிட்டு, தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்று கேட்டபடி நிற்கும் வேலைக்குக் கைபேசியையே வைத்துக்கொள்ளலாம். பேசக்கூடிய மனிதர்களைக் கூப்பிடுவதற்கு இந்தப் பத்துத் துளை போதுமானது.