நுரை தந்த பாடம்



எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆயினும், பிசுக்கேறிய துணியைச் சவர்க்காரமிட்டுத் துவைக்குமிடத்து நீர் அப்பிசுக்கைத் தன்னுடன் கொண்டு செல்கின்றது. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடுவது. அதன் நீண்ட வாலோ நீரை விலக்கி எண்ணெயை நாடுவது. வால்கள் பிசுக்கினுட் புகுந்து, தலைகள் நீரை நோக்கி நிற்கப் பிசுக்கானது சிறு துளிகளாகப் பிரிந்து நீருடன் செல்கின்றது. நீரின் பரப்பிழுவிசை குறைவதால் அது துணியின் இழைகளுக்குள்ளும் எளிதிற் புகுகின்றது.

எனினும், சவர்க்காரத்துக்கு ஒரு குறைபாடு உண்டு. கல்சியமும் மகனீசியமும் மிகுந்த வன்னீரில் அது கரையாத படிவாக மாறிவிடும். சுண்ணக்கற் பாறையில் ஊறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரையாமைக்குக் காரணம் இதுவே.

முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியிற் கொழுப்புக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. அங்குள்ள இரசாயன அறிஞர் 1917ஆம் ஆண்டளவிற் கொழுப்பின்றியே ஒரு மாற்றுப் பொருளை ஆக்கினர். அது துணியை நன்கு நனைத்ததேயன்றி அழுக்கைச் செவ்வனே நீக்கவில்லை. 1930களில் மென்றுணிகளுக்கேற்ற தொகுப்புச் சவர்க்காரங்கள் தோன்றின. 1946இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ரைட்’ என்னும் தூள், பொசுபேற்றின் துணைகொண்டு வன்னீரிலும் கடும் அழுக்கை அகற்றியது.

இவ்வெற்றியின் பின்னே ஓர் இடர் காத்திருந்தது. 1950களிற் பெற்றோலியத்திலிருந்து மலிவாக ஆக்கப்பட்ட மூலக்கூறுகளின் வால்கள் கிளைவிட்டிருந்தன. பற்றீரியாக்கள் அவற்றை எளிதிற் சிதைக்க இயலவில்லை. சலவைத் தொட்டியை நீங்கிய நுரை கழிவுநீர் நிலையங்களையும் ஆறுகளையும் மூடியது. ஜேர்மனி 1961இற் சட்டமியற்றி, 1964 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. 1965இல் அமெரிக்க உற்பத்தியாளர் கிளையற்ற வாலுடைய மூலக்கூற்றுக்கு மாறினர். பற்றீரியாக்கள் இவ்வாலை விரைவிற் சிதைத்தன; துப்புரவாக்கும் ஆற்றலும் குன்றவில்லை.

ஆகவே, இத்தகைய பொருளைத் தெரிவு செய்வோர் முதலிற் பயனை நோக்குதல் வேண்டும். துணியழுக்கை நீக்க மறையேற்றத் தலையுடையவை பெரிதும் உதவும். ஏற்றமற்றவை வன்னீரின் உப்புக்களாற் பெரிதும் பாதிக்கப்படா. அவற்றுட் பல குறைவாகவே நுரைப்பதாற் சலவைப் பொறிகளுக்கு ஏற்றவை. நேரேற்றமுடையவை துணியை மென்மையாக்கவும் சில கிருமிகளை அழிக்கவும் பயன்படும். ஆயின், மறையேற்றமுடையவற்றுடன் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பயனிழக்கச் செய்யும். மிகுந்த நுரை மிகுந்த தூய்மைக்கு அறிகுறி என்று கொள்வதும் தவறாகும்.

இவற்றோடு மற்றொரு வினாவையும் கேட்டல் நன்று. நம் முற்றத்தை விட்டு வடிந்தோடும் நீரில் இப்பொருள் எத்துணைக் காலம் சிதையாது நிற்கும்? அந்நீர் சென்று சேரும் கிணற்றிலும் குளத்திலும் நம் அயலாரும் நீர் மொள்ளுகின்றனர் அல்லவா? துணி வெளுத்தால் மட்டும் போதாது. நீரும் தூய்மையாக இருத்தல் வேண்டும்.