எதற்காக இந்தப் போர் நூல்கள்?

அண்மையில் என் இல்லத்திற்கு வந்திருந்த பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் நூலடுக்கை நெடுநேரம் நோக்கியபின், "முப்பது வருட யுத்தத்தைக் கண்ட பிறகும் காசு கொடுத்து யுத்தத்தையா வாங்கி வைத்திருக்கிறீர்?" என்று கேட்டார். அப்போது சிரித்துச் சமாளித்தேன். அவர் சென்றபின் அக்கேள்வி என்னை விடவில்லை. அதற்குரிய பதிலாகவே இதனை எழுதுகிறேன்.

இப்பழக்கம் ஒரு தவறிலிருந்து தொடங்கியது. 1973 ஒக்டோபரில் எகிப்தியப் படைகள் சுயெஸ் கால்வாயைக் கடந்தபோது, கொழும்பில் ஒரு நாளிதழில் நான் பயிலுநராக இருந்தேன். தொலையச்சில் வந்த செய்தியை மொழிபெயர்க்கும் பணி எனக்குத் தரப்பட்டது. தாங்கிகளைக் கொண்ட கவசப் படைப்பிரிவு கால்வாயைக் கடந்தது என்பதனை, "கவச உடை அணிந்தோர் கடந்தனர்" என எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் பிரதம உதவி ஆசிரியர் அதனைக் கண்டுவிட்டார். அவர் ஏசவில்லை. "தம்பி, யுத்தத்தைப் பற்றி எழுதுவதென்றால் யுத்தத்தைப் பற்றிப் படிக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரமே மருதானைப் பழைய புத்தகக் கடைகளுக்குச் சென்றேன். அந்நிய செலாவணிக் கட்டுப்பாடுகள் காரணமாக வெளிநாட்டு நூல்கள் அருகிப்போயிருந்த காலம் அது. நாட்டைவிட்டுச் சென்றோர் விற்றுவிட்டுப்போன நூல்களே எம்போன்றோருக்குக் கிட்டின. பலன்ரைன் நிறுவனம் வெளியிட்ட, படங்கள் நிறைந்த இரண்டாம் உலகப் போர் வரிசை நூலொன்றை மூன்று ரூபாவுக்கு வாங்கினேன். பின்னர் பர்மாப் போரை நடத்திய ஸ்லிம்மின் நினைவுக் குறிப்புகள், சேர்ச்சிலின் ஆறு தொகுதிகளில் மூன்று, மலிவு விலைச் சோவியத் வெளியீடுகள் என அடுக்கு வளர்ந்தது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் ஒரு கட்டுப் புத்தகம் என்னோடு யாழ்தேவியில் பயணம் செய்தது. 1983 யூலையில் கொழும்பு அறையை இழந்தபோதும் நூல்கள் தப்பியமைக்கு அதுவே காரணம்.

ஒரு சமர் பற்றி ஒரே நூலை வைத்திருப்பது ஆபத்தானது என்பதை மிட்வேதான் எனக்கு உணர்த்தியது. 1942 யூன் 4 ஆம் திகதி யப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த சமர் அது. அகாகி கப்பலில் இருந்த விமானப்படைத் தளபதி மிற்சுவோ புச்சிடா மற்றொருவருடன் இணைந்து எழுதிய நூல் 1955 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தபோது யப்பானிய விமானங்கள் தளத்தில் அணிவகுத்துப் புறப்படத் தயாராக நின்றன என்றும், இன்னும் ஐந்து நிமிடங்கள் கிடைத்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும் என்றும் அவர் எழுதினார். அந்த "ஐந்து நிமிடங்களை" நானும் ஒரு ஞாயிறு இதழ்க் கட்டுரையில் உருக்கமாக எழுதியிருக்கிறேன்.

அது உண்மையன்று. யப்பானின் அதிகாரபூர்வப் போர் வரலாறே 1971 இல் வேறு விதமாகக் கூறியிருந்தது. ஆனால் அது யப்பானிய மொழியில் இருந்தமையால் வெளியுலகு அதனைக் கவனிக்கவில்லை. 2005 இல் ஜொனதன் பார்ஷல், அன்ரனி ரலி ஆகிய இரு அமெரிக்கர்கள் அக்கப்பல்களின் பறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். தாக்குதல் விமானங்கள் அவ்வேளை தளத்திற்குக் கீழே கொட்டகைகளில் இருந்தன என்பதை அவர்கள் ஆங்கிலத்தில் நிறுவினர். ஐம்பது ஆண்டுகள் உலகம் ஒரு தளபதியின் சொல்லை நம்பியிருந்தது. அவர் அச்சமரில் இருந்தவர். ஆயினும் தோற்ற தரப்பின் தன்மானத்தைக் காக்க அவருக்கு ஐந்து நிமிடங்கள் தேவைப்பட்டன போலும்.

இதே புச்சிடாதான் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்பு மீதான வான் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். முதல்நாள் கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் கொழும்புக்குச் செய்தி அனுப்பியிருந்தார். இத்தாக்குதல் பற்றி மைக்கேல் ரொம்லின்சன் 1976 இல் எழுதிய நூலையும் வேறு சிலவற்றையும் தேடி வாங்கினேன். இருபதுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியத் தரப்பு அன்று உரிமை கோரியது. யப்பானியப் பதிவுகளின்படி கொழும்பின் மேல் அவர்கள் இழந்தவை ஏழு. அதே நாளில் கோர்ன்வோல், டோர்செற்ஷயர் ஆகிய இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் மூழ்கியபோது 307 பேர் மாண்டனர். எதிரியின் இழப்பை எண்ணுவதில் எல்லாப் படைகளும் தாராளமானவை. தன் இழப்பைத் தன் ஏட்டில் எழுதும்போதே அவை ஓரளவு உண்மை பேசுகின்றன.

இந்தப் பாடத்தை நான் காலந்தாழ்த்தியே கற்றேன் என்பது என் வருத்தம். எங்கள் யுத்த காலத்தில் படைத்தரப்பு ஒரு தொகையைச் சொல்லும், புலிகள் வேறொரு தொகையைச் சொல்வர். இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு நடுநிலைமையைக் காத்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். இரு பொய்களை ஒரே பத்தியில் வைப்பதால் உண்மை பிறப்பதில்லை. ஆனால் உண்மையைத் தேடிச் செல்ல அன்று வழியும் இருக்கவில்லை, துணிவும் போதவில்லை.

1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு எரித்த விளக்கில், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹரிசன் சொலிஸ்பரி 1969 இல் வெளியிட்ட, லெனின்கிராட் முற்றுகை பற்றிய நூலை வாசித்தேன். 1941 நவம்பரில் அந்நகரில் தொழிலாளர் அல்லாதோருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண் மட்டுமே வழங்கப்பட்டது. அந்த முற்றுகையிலும் அங்கே பொது நூலகம் மூடப்படவில்லை. எங்கள் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் சாம்பராயின. அந்நூலை வாசித்த இரவுகளில் லெனின்கிராட் எனக்குத் தூரதேசமாகத் தோன்றவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே வெறுமையாகத் தென்மராட்சி நோக்கி நடந்தது. துவிச்சக்கரவண்டியில் அரிசிப் பொதி, அம்மாவின் மருந்து, உறுதிப் பத்திரங்கள், உடுப்புகள் ஆகியவற்றை ஏற்றினேன். புத்தகத்துக்கு இடமில்லை. இடமிருந்தாலும், தாங்கிகளின் படமும் களமுனை வரைபடங்களும் உள்ள நூலைச் சோதனைச் சாவடியில் எந்தத் தரப்புக்கும் விளக்க முடியாது. அடுத்த ஆண்டு திரும்பியபோது கதவுகளும் இல்லை, அடுக்கும் இல்லை. ஏறக்குறைய 400 நூல்கள். யார் எடுத்தனர் என்று நான் தேடவில்லை. அடுப்புக்குப் போயிருந்தாலும், எவரோ படித்திருந்தாலும் சரியென்று விட்டுவிட்டேன்.

பின்னர் கொழும்பில் மீண்டும் முதலிலிருந்து வாங்கத் தொடங்கினேன். இப்போதைய அடுக்கில் எங்கள் யுத்தம் பற்றிய நூல்களும் உள்ளன. இந்திய அமைதி காக்கும் படையின் தளபதிகளான தெபிந்தர் சிங் 1992 இலும் ஹர்கிரத் சிங் 2007 இலும் எழுதியவை, அடேல் பாலசிங்கத்தின் 2001 ஆம் ஆண்டு நூல், இலங்கைத் தளபதி கமல் குணரத்ன 2016 இல் எழுதியது என அவை அருகருகே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் மிட்வேயை நினைவில் வைத்தே வாசிக்கிறேன். 2009 இன் இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் கூறியது. அரசாங்கம் அதனை மறுத்தது. யப்பானியக் கப்பலொன்றின் பறப்புப் பதிவேட்டைத் தேடியெடுக்க முடிந்தது. பதுங்குகுழியில் இறந்தவர்களுக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது?

நண்பருக்கான பதில் இங்கேதான் உள்ளது. வீரக்கதைகளுக்காக நான் இவற்றை வாங்கவில்லை. யார், எப்போது, எதனை மறைத்து எழுதினார்கள், பின்வந்தோர் அதனை எவ்வாறு கண்டுபிடித்தார்கள் என்று அறியவே வாங்குகிறேன். பின்வந்தோர் கண்டுபிடித்த இடங்களிலெல்லாம் எவரோ ஒருவர் அன்றன்று எழுதிவைத்த ஓர் ஏடு இருந்திருக்கிறது.

உலகெங்கும் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோர் எந்த நாளில், எந்த ஒழுங்கையால், யாருடன் வெளியேறினார்கள், வழியில் யாரை இழந்தார்கள் என்பதைத் திகதியுடன் எழுதிவையுங்கள். நடை அழகாக இருக்கவேண்டியதில்லை. என் தாயாரிடம் அந்த ஒக்டோபர் இரவைப் பற்றி ஒழுங்காகக் கேட்டு எழுத நான் எண்ணியிருந்தேன். கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.